பூட்டிய வீடு, ஆளில்லை

பங்குனி வெயிலில் பாலக்காடே வறுபட்டுக்கொண்டிருந்த நாளில், மாரப்பனின் மேஜைக்கு வந்த அந்தக் கட்டு மட்டும் ஈரமாக இருந்தது.

யாராவது டீயைக் கொட்டியிருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தான். கவர்மெண்டு ஆபீசில் காகிதத்துக்கு நேராத அவமானமா என்ன! சணல் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். தண்ணீர் கசிந்தது. ஓட்டுக் கூரை அனலாய்க் கொதிக்க, இருபது பேர் வேர்வையில் குளித்துக்கொண்டிருந்த அந்தப் பழைய நெல் கிட்டங்கியில், அவன் விரலில் பட்ட தண்ணீர் ஐஸாகக் குளிர்ந்தது. அதோடு ஒரு வாடையும் எழுந்தது. மழையில் ஊறிய மண் வாடை, அழுகிய இலை வாடை, எல்லாவற்றுக்கும் அடியில் நசுக்கிய பச்சை ஏலக்காயின் மணம். ஏலக்காய் மணத்தை வெறுக்கிற மனுஷன் உலகத்தில் உண்டா? மாரப்பன் மூக்கைப் பொத்திக்கொண்டான். எட்டு மாதமாக அவன் வீட்டில் பாயசத்துக்குக்கூட ஏலக்காய் போடுவதில்லை.

போன வருஷம், எழுபத்தொன்றில், எடுத்த மக்கள்தொகைக் கணக்கு இன்னும் முடிந்தபாடில்லை. உயிரோடிருந்த ஆள் ஒவ்வொருவருக்கும் ஒரு சீட்டு. பெயர், வயது, ஆணா பெண்ணா, எழுதப் படிக்கத் தெரியுமா, என்ன செய்கிறார். அந்தச் சீட்டுகளெல்லாம் மூட்டை மூட்டையாக இந்தக் கிட்டங்கிக்கு வரும். ஒவ்வொரு மேஜையிலும் பொந்து பொந்தாக ஒரு மர அடுக்கு இருக்கும். புறாக்கூண்டு என்று அதற்குப் பெயர். ஆணை ஒரு பொந்தில், பெண்ணை ஒரு பொந்தில், குழந்தையை ஒரு பொந்தில் போட்டுப் போட்டு எண்ணி, பாலக்காட்டு நகரத்தில் இத்தனை பேர், ஒட்டியிருக்கும் பஞ்சாயத்துகளையும் சேர்த்தால் இத்தனை பேர், அந்த மலையில் இத்தனை பேர், இந்தத் தோட்டத்தில் இத்தனை பேர் என்று எழுதி மேலே அனுப்ப வேண்டும். தேசப்படத்தில் எந்த ஊருக்குப் பெரிய புள்ளி, எந்த ஊருக்குச் சின்னப் புள்ளி, எந்த ஊருக்குப் புள்ளியே கிடையாது என்பதை முடிவு செய்வது இந்த எலிப்புழுக்கை நாறும் கிட்டங்கிதான். கலெக்டர் இல்லை, மந்திரி இல்லை. வேர்வை சொட்டும் இருபது தற்காலிக குமாஸ்தாக்கள்!

போன மாதம் அவனுடைய மகளின் சீட்டே அவன் கைக்கு வந்தது. செல்லாத்தாள், பெண், வயது பூஜ்யம். கணக்கெடுப்பின் கடைசி ராத்திரியில், விடிவதற்கு ஒரு நாழிகை முன்னால் பிறந்தவள். சூரியன் உதித்த பிறகு பிறந்திருந்தால் கணக்கில் வந்திருக்க மாட்டாள். அந்தச் சீட்டை அடுத்த மேஜை அழகுத்தாயிடம் காட்டி, "பாத்துக்கம்மிணி, எம்பொண்ணு அவசரக்காரி. கவர்மெண்டு கணக்குல எடம் புடிக்க ஓடியாந்துட்டா" என்று பெருமையடித்துவிட்டுத்தான் பொந்தில் போட்டான்.

இன்று காலையில்கூட அவள் சமையல்கட்டில் சப்பணமிட்டு உட்கார்ந்து, எவர்சில்வர் கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். இரண்டு தட்டு, ஒரு நிறுத்தம். மறுபடி இரண்டு தட்டு. மனைவி கமலாத்தாள் தூக்குப்போசியில் தயிர்ச்சோற்றை அமுக்கி மூடி அவன் கையில் கொடுத்தாள்.

"ஏனுங்க, வெய்ய சாய்றதுக்குள்ள வந்துருங்க. அடுத்த வாரம் பாப்பாளுக்கு வருசம் நெறையுது. ஒரு பாவாடத் துணியாச்சும் எடுக்கோணும்."

"வந்தர்றேன். அந்தக் கரண்டியப் புடுங்கி வையி. தலைக்குள்ள இடிக்குது."

"கொழந்த வெளையாடறதுகோட உங்களுக்கு ஆகாதாக்கும்!" என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. தட்டுகிற சத்தம் எதுவுமே மாரப்பனுக்கு ஆவதில்லை என்பதும், ஏன் என்பதும் அவளுக்குத் தெரியாது.

அந்த ஈரக் கட்டின் மேலட்டையைத் துடைத்துப் படித்தான். மை கரைந்திருந்தாலும் எழுத்து தெரிந்தது. கரடிமேடு ஏலத்தோட்டம். வீடுகள் 1 முதல் 52 வரை. கணக்கெடுத்தவர் மாரப்பன்.

அவன் எழுத்துதான். மலைத் தாலுகாவின் தமிழ்க் கட்டுகளை அங்கே பிரிக்க ஆள் போதாது என்று இங்கே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். என்றைக்காவது இது தன் மேஜைக்கு வரும் என்று அவனுக்குத் தெரியும். வரும்போது வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும் என்று தினமும் வேண்டிக்கொண்டிருந்தான்.

மேலிருந்த மொத்தத் தாளில் 211 என்று எழுதி அவனே கையெழுத்துப் போட்டிருந்தான். சீட்டுகளை எண்ணினான். 274. விரலை எச்சில் தொட்டு மறுபடி எண்ணினான். நாக்கில் மண் கரித்தது. 274. மூன்றாம் தரம் எண்ணுவதற்குக் கை வரவில்லை. அறுபத்து மூன்று கூடுதல். கட்டின் அடியில் அறுபத்து மூன்று சீட்டுகள், ஒன்றோடொன்று ஒட்டி, கனத்து, சொட்டச் சொட்ட.

முதல் சீட்டைப் பிரித்தெடுத்தான். வீட்டு எண் 45. சிலுவைராஜ், ஆண், வயது முப்பத்து நான்கு. அடுத்தது மிக்கேல்ராஜ், ஆண், வயது ஒன்பது. அடுத்தது பிலோமி, பெண், வயது ஆறு. கொக்கி போட்ட ஐந்து, வால் நீண்ட ஆறு, எல்லாம் அவன் கையெழுத்து. அவன் எழுதவே எழுதாத சீட்டுகள். என்ன செய்கிறார் என்ற கட்டத்தில் மற்றச் சீட்டுகளில் தோட்டக் கூலி என்றோ, ஒன்றுமில்லை என்றோ இருக்கும். பிலோமியின் சீட்டில் வேறொன்று எழுதியிருந்தது.

தட்டிக்கொண்டிருக்கிறாள்.

சிலுவைராஜின் சீட்டைத் திருப்பினான். தட்டிக்கொண்டிருக்கிறார். மிக்கேல்ராஜ். தட்டிக்கொண்டிருக்கிறான். வீட்டு எண் 41-லிருந்து 52 வரை, கிழவர், குமரி, கைக்குழந்தை, அறுபத்து மூன்று பேருக்கும் அதே கட்டம், அதே வார்த்தை.

மாரப்பன் சீட்டுகளை மேஜையில் வைத்து மொத்தத் தாளால் மூடினான். அழகுத்தாய் பார்த்துவிடக் கூடாது.

கரடிமேடு சாந்தன்பாறைக்கு மேலே இருந்தது. அந்த மலைத் தாலுகாவில் மூன்று வருஷம் குமாஸ்தாவாக இருந்தபோது, தமிழ் தெரிந்தவன் என்று அவனைத்தான் கணக்கெடுக்க அனுப்பினார்கள். முதல் தடவை போனபோது ஒழுங்காகவே வேலை செய்தான். தார் டப்பாவும் குச்சியுமாக ஐம்பத்திரண்டு கதவிலும் நம்பர் போட்டான். கடைசிப் பன்னிரண்டு வீடுகள் மேல் லயம் என்ற கூலிக் குடியிருப்பு வரிசையில், மலையின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டிருந்தன. நாற்பத்தைந்தாம் வீட்டு வாசலில் மூச்சிரைக்க உட்கார்ந்தவனுக்குச் செபமாலையம்மாள் என்ற பெண் ஏலக்காய் தட்டிப்போட்ட கட்டங்காப்பி கொடுத்தாள். தம்ளரின் விளிம்பு நெளிந்திருந்தது. எல்லாம் நினைவிருக்கிறது.

ஆளெண்ணுவதற்கு மறுபடி போனது மார்ச் மாதக் கடைசி நாள். கீழ் லயம் முடிந்தபோது தந்தி வந்தது. கமலாத்தாளுக்கு வலி கண்டுவிட்டது, உடனே புறப்படு. ஜீப் நாலு மணிக்கு. மேல் லயத்துக்கு ஏறி இறங்க மூன்று மணி நேரம் ஆகும். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை சின்னையன் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

"மேல் லயமா? அங்க யாரு இருக்கா ஸார்? பூராப் பேரும் ஊருக்குப் போயிட்டாக. கதவு பூட்டிக் கெடக்கு. அப்படியே எழுதிக்கிட்டுக் கெளம்புங்க. ஜீப்ப விட்டா நாளைக்குத்தான்."

பச்சைப் பொய். மேலே பன்னிரண்டு கூரையிலிருந்தும் அடுப்புப் புகை எழுவதை மாரப்பன் தன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தான். மேல் லயத்து ஆட்களுக்குத் தோட்டத்தின் பேரேட்டில் பெயர் கிடையாது என்பதும், கவர்மெண்டு காகிதத்தில் பெயர் ஏறினால் நாளைக்குச் சட்டம் பேசுவார்கள் என்று தோட்டம் பயந்தது என்பதும் அவனுக்குப் புரியாமல் இல்லை. சின்னையன் ஒரு பொட்டலம் ஏலக்காயை அவன் சட்டைப்பையில் திணித்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கஷாயத்துக்கு ஆகும் என்றார். மாரப்பன் பேனாவைத் திறந்தான். 41, பூட்டிய வீடு, ஆளில்லை. 42, பூட்டிய வீடு, ஆளில்லை. பன்னிரண்டு தரம் எழுத நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. திருத்தம் செய்ய மூன்று நாள் அவகாசம் இருந்தது. வந்து சரி செய்துகொள்ளலாம் என்றுதான் நினைத்தான். அந்த மூன்று நாளும் பாலக்காட்டு ஆஸ்பத்திரியில் மகளின் உள்ளங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

ஆடி மாதம் பதினோரு நாள் விடாத மழையில் மலை சரிந்து மேல் லயத்தை மூடிவிட்டது.

தாசில்தார் அவனையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார். பன்னிரண்டு வீடு இருந்த இடத்தில் செம்மண் வழவழவென்று இறங்கியிருந்தது. ஓடு இல்லை, கதவு இல்லை, கோழி இல்லை. கீழ் லயத்து ஆண்கள் நாற்பது பேர் மண்வெட்டியோடு தோண்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ராத்திரி கீழே ஒரு பிரசவத்துக்குத் துணைக்குப் போனதால் தப்பித்த செபமாலையம்மாள் மண்ணில் குப்புறப் படுத்துக் காதை வைத்திருந்தாள். ஜீப்பைக் கண்டதும் எழுந்து ஓடி வந்தாள்.

"அய்யா, தட்டுறாகய்யா! உள்ள இருந்து தட்டுறாக! நீங்களே காத வச்சுக் கேளுங்க!"

சின்னையன் குறுக்கே புகுந்து, அங்கே ஆளே கிடையாது, இவளுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றார். ரோடு வேறு நாலு இடத்தில் அடைபட்டுக் கிடந்தது. தாசில்தார் கணக்கெடுப்பு நகலை விரித்து மாரப்பன் முகத்துக்கு நேரே பிடித்தார். இது உன் கையெழுத்தா, நேரில் போய்ப் பார்த்துத்தான் எழுதினாயா என்று மலையாளத்தில் கேட்டார்.

மாரப்பனின் செருப்புக்கு அடியில், ஆழத்தில், டக் டக் என்றது. நின்றது. மறுபடி டக் டக்.

வேலை போகும். கேஸ் வரும். வீட்டில் நாலு மாதக் குழந்தை.

"ஆமாங்க ஸார்" என்றான்.

செபமாலையம்மாள் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "அய்யா, நீங்கதான எங்க கதவுல நாப்பத்தஞ்சுன்னு தாருல எழுதுனீக? எங்க வாசல்ல உக்காந்து காப்பி குடிச்சீகளே. என் நாலு பிள்ளையும் உங்களச் சுத்தித்தான நின்னாக. சொல்லுங்கய்யா!"

"நெனப்பில்லீங்க."

ஆளில்லாத வீட்டைத் தோண்ட ஆள் எதற்கு என்று நாற்பது பேரையும் ரோட்டுக்கு இறக்கிவிட்டார்கள். அவள் மட்டும் கையால் தோண்டினாள். மூன்றாம் நாள் வரை சத்தம் கேட்டது என்று கீழ் லயத்தில் பேசிக்கொண்டார்களாம். மூன்று வருஷமாகக் கெஞ்சியும் கிடைக்காத பாலக்காட்டு மாற்றல் அதே வாரத்தில் மாரப்பன் கைக்கு வந்து சேர்ந்தது. தூ! அதையும் சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிட்டான்.

டக் டக்.

மாரப்பன் நிமிர்ந்தான். எதிரே புறாக்கூண்டு. நாற்பது பொந்துகள், ஒவ்வொன்றிலும் ஒரு சாண் இருட்டு. சத்தம் கீழ்வரிசையில், குழந்தைகளின் பொந்திலிருந்து வந்தது. பல்லியாக இருக்கும். மரம் வெயிலில் தெறிக்கிறதாக இருக்கும். கையை உள்ளே விட்டான். முழங்கை வரை போனது. பின்பலகை தட்டுப்படவில்லை. விரலுக்குக் குளிர்ந்த மண் தட்டுப்பட்டது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். நகக்கண்ணில் செம்மண்.

"என்னவாக்கும் மாரப்பா, காலம்பர முதல் ஒரே கட்டை வச்சிண்டு உக்காந்திருக்கே?"

சூப்பர்வைசர் சேஷய்யர் பின்னால் நின்றிருந்தார். கல்பாத்திக்காரர். குரல் உயர்த்திப் பேசத் தெரியாதவர்.  சொல்லிவிடலாம். இப்போது சொன்னால்கூடப் போதும் என்று மாரப்பனுக்குத் தோன்றியது.

"சாமி, இதுல அறுபத்து மூணு சீட்டு கூட இருக்குதுங்க. நான்... அன்னிக்கு அந்தக் கணக்கு..."

சேஷய்யர் இரண்டு சீட்டை எடுத்துக் கண்ணாடியில்லாமல் தூர நீட்டிப் பார்த்தார். அவர் விரலில் ஈரம் படவில்லை.

"மொத்தத் தாள்ல இருநூத்திப் பதினொண்ணுன்னு நீதானே ஒப்புப் போட்டிருக்கே? அந்த நம்பர் டில்லிக்குப் போயாச்சு. அச்சாகிண்டிருக்கும். இனிமே கூட்டினா யாரு பதில் சொல்றது? நீயா, நானா? உன் நிரந்தர ஆர்டர் வேற அடுத்த மாசம் வரப்போறது." சீட்டுகளை மேஜையில் போட்டார். "கூடினதைக் கழிச்சு சாக்கில போடு. கணக்கு ஒத்துப் போகணும், அவ்வளவுதான்."

அவர் அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். கழிவுக் காகிதச் சாக்கு காலடியிலேயே இருந்தது. மாரப்பன் சேஷய்யரைக் கூப்பிட வாயெடுத்தான். ஒரு தரம் எழுந்துகூட நின்றான். பிறகு உட்கார்ந்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டான். ஒவ்வொன்றும் விழும்போது காகிதம் விழுகிற சத்தம் கேட்கவில்லை. மண்கட்டி விழுகிற சத்தம் கேட்டது. பிலோமியின் சீட்டு விரலில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது. உதறினான். விழுந்தது. அறுபத்து மூன்று.

தட்டல் நின்றுவிட்டது. கிட்டங்கியில் காகிதச் சலசலப்பும் மின்விசிறியின் கிறீச்சும் பழையபடி கேட்டன. அப்பாடா என்று இருந்தது. பசித்தது. தூக்குப்போசியை எடுத்தான். கனமே இல்லை. மூடியைத் திறந்தான்.

உள்ளே துரு. சிலந்தி வலை. அடியில் ஒரு செத்த கரப்பான். பல வருஷமாகக் கழுவி, சோறு போட்டு, மூட யாருமே இல்லாத ஒரு பாத்திரம்.

காலையில் கமலாத்தாள் தயிர்ச்சோற்றை அமுக்கிய விரல் தடத்தைக்கூட அவன் பார்த்திருந்தான்.

"அண்ணா" என்றாள் அழகுத்தாய், தன் மேஜையிலிருந்து. "டவுன் கட்டு ஒண்ணு ஒத்து வரமாட்டேங்குதுங்க. கஞ்சிக்கோடு ரோடு. மூணு சீட்டு கொறையுது. நீங்க பிரிச்சதுதான?"

கஞ்சிக்கோடு ரோட்டில்தான் அவன் குடியிருந்தான். எழுந்து போய் அவள் கையிலிருந்து வீட்டுப் பட்டியலைப் பிடுங்கினான். மேல் வரியில் பக்கத்து வீடு இருந்தது. கருப்பாத்தாள், விதவை, கோழி வளர்ப்பு. கீழ் வரியில் மறுபக்கத்து வீடு இருந்தது. நடுவில், போன மாதம் மூன்று பெயர்களை அவன் ஆசையாகத் தடவிப் பார்த்த வரியில், கொக்கி போட்ட ஐந்தும் வால் நீண்ட எழுத்துமாக அவன் கையெழுத்தே இருந்தது.

53. பூட்டிய வீடு, ஆளில்லை.

"அம்மிணி, இது எங்க ஊடு. உனக்குத் தெரியுமில்ல? எம்பொண்ணு சீட்ட உங்கிட்டக் காட்டுனனே?"

அழகுத்தாய் அவனை மரியாதையாக, கொஞ்சம் பயத்தோடு பார்த்தாள். "உங்களுக்குப் பொண்ணு இருக்குதுங்களாண்ணா?"

மாரப்பன் ஓடினான்.

மத்தியானம் மூன்று மணி. ரோட்டில் தார் உருகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. செருப்பை விட்டுவிட்டு ஓடினான். கள்ளுக்கடை, சைக்கிள் கடை, மாட்டுவண்டி, எல்லாம் அதனதன் இடத்தில். வெளிச்சம் கண்ணைக் குத்தியது. இந்த வெளிச்சத்தில் எதுவும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். பகல். பட்டப்பகல். கமலா இந்நேரம் துணி காயப்போடுவாள். பாப்பா தொட்டிலில் இருக்கும்.

கதவில் பூட்டுத் தொங்கியது. துருவேறி இறுகிப்போன பூட்டு. கதவின் நெற்றியில் தாரில் ஐம்பத்து மூன்று. தொட்டான். விரலில் ஒட்டியது. ஈரம்.

"கமலா!"

உள்ளே கரண்டி தட்டியது. இரண்டு தட்டு. நிறுத்தம். இரண்டு தட்டு. இந்தத் தரம் அந்தச் சத்தத்தைக் கேட்டு அவனுக்கு உயிர் வந்தது. ஆனால் சத்தம் கதவுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. கதவுக்குக் கீழிருந்து வந்தது. வாசற்படிக்கும் கீழே. ஆழத்தில்.

"ஏனுங்க..." ஒரு குரல், வாயில் துணி அடைத்தது போல. "வந்துட்டீங்களா... இருட்டா இருக்குதுங்க..."

கருப்பாத்தாள் கோழித்தீவன முறத்தோடு எட்டிப் பார்த்தாள். தினமும் சாயங்காலம் செல்லாத்தாளை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிபவள்.

"அக்கா! உள்ள இருக்கறாங்க! கேக்குதுங்களா?"

"நீங்க ஆருங்க? இந்த ஊடு வருசக்கணக்காப் பூட்டித்தானுங்க கெடக்குது."

கல்லை எடுத்தான். பூட்டை அடித்தான். பூட்டு தெறித்து, கதவு திறந்து, ஏலக்காய் மணம் குப்பென்று முகத்தில் அறைந்தது. உள்ளே ஜன்னல் விளிம்பு வரை செம்மண். வழவழவென்று. தொட்டில் கட்டிய உத்திரம் மட்டும் மேலே தெரிந்தது. தொட்டில் கயிறு இரண்டும் விறைப்பாக மண்ணுக்குள் இறங்கியிருந்தன. லேசாக ஆடின.

மாரப்பன் மண்ணில் விழுந்து தோண்டினான். கையால். நகத்தால். ஒரு பிடி எடுத்தால் இரண்டு பிடி சரிந்தது. பின்னால் வாசலில் ஆட்கள் சேர்ந்துவிட்டார்கள்.

"ஒரு மம்முட்டி குடுங்க! ஆராச்சும் வாங்க! எம்புள்ள உள்ள கெடக்குது!"

"வெய்யிலு மண்டைக்கு ஏறிருச்சாட்ட இருக்குது, பாவம்" என்றாள் கருப்பாத்தாள். ஒருத்தரும் உள்ளே கால் வைக்கவில்லை.

அப்போது கூட்டம் விலகியது. வாசலில் ஒரு ஆள் வந்து நின்றான். தோளில் பை, கையில் தார் டப்பா. வெயில் பின்னாலிருந்து அடித்ததால் முகம் தெரியவில்லை. ஆனால் குரல் தெரிந்தது. மாரப்பனுக்கு அந்தக் குரலை நன்றாகத் தெரியும். அது அவனுடைய குரல்.

"இந்த ஊட்டுல ஆளிருக்குதுங்களா?"

"இருக்குது! நான் இருக்கறேன்! மூணு பேரு!" என்று கத்தினான். வாயில் மண் புகுந்தது.

"ஆருமில்லீங்க" என்றாள் கருப்பாத்தாள்.

கதவு சாத்திக்கொண்டது. இருட்டு. புதுப் பூட்டு ஒன்று கடக்கென்று விழுந்தது.

மாரப்பன் கதவுக்குத் தாவினான். கால் முட்டி வரை மண். இடுப்பு வரை. வெளியே திடீரென்று ஒரு பெண் அலறினாள். தெற்கத்திக் குரல். மலைமேல், மழையில், ஒரு தரம் கேட்ட குரல்.

"அய்யா, தட்டுறாகய்யா! உள்ள இருந்து தட்டுறாக! காத வச்சுக் கேளுங்க!"

அவளுக்குக் கேட்கிறது. அவளுக்கு மட்டும் கேட்கிறது. மாரப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். கதவின் மறுபுறம் ஒரு காது பலகையில் பதிவதை, ஒரு மூச்சு நிற்பதை உணர்ந்தான். அந்த ஆள் கேட்கிறான். நன்றாகவே கேட்கிறான்.

"எனக்குக் கேக்கலீங்களே" என்றான் அந்த ஆள்.

பிறகு பேனா கீறும் சத்தம். அதை எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று மாரப்பனுக்குத் தெரியும். பன்னிரண்டு தரம் எழுதியவன்.

எழுதி முடிந்தது. செருப்புச் சத்தம் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தது.

மண்ணுக்கடியில் கரண்டி தட்டியது. ஒன்று. இரண்டு. முன்னைவிட மெதுவாக.

மாரப்பன் கதவில் கையை மடக்கி வைத்தான். அவனும் தட்டத் தொடங்கினான்.